மூன்றாம் பருவத்தின் பாக்கி யார் கணக்கில் ஏறும்?

தொடக்கப் பள்ளிகளுக்கு நாட்காட்டி போடுகிறவர்களுக்கும், பாடநூல் எழுதும் குழுவினருக்கும், ஆண்டு இறுதித் தேர்வின் தேதியைத் தீர்மானிக்கும் உயர் அலுவலர்களுக்கும் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் எழுதும் திறந்த மடல்.

2025-இல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டு இறுதித் தேர்வு ஏப்ரல் 9-இல் தொடங்கி 21-இல் முடியும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. வெயில் ஏறியதும் அது ஏப்ரல் 7 முதல் 17 வரை என்று மாறியது. மாற்றியதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஏப்ரல் மதியம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதியை முன்னால் இழுக்கும்போது பாடத்தின் அளவைத் தொடுவதே இல்லை, அதுதான் குறை. அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான். மக்களவைத் தேர்தலுக்காக ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே தேர்வு முடிந்தது. ஜனவரி முதல் ஆண்டு இறுதித் தேர்வு வரைக்கான மூன்றாம் பருவப் புத்தகம் மட்டும் ஒரு பக்கமும் குறையாமல் அப்படியே இருந்தது.

இதை நாங்கள் இத்தனை நாள் சத்தமில்லாமல் சமாளித்துவந்தோம். பதிவேட்டில் ‘பாடம் முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். அந்த வகையில் எங்கள் மீதும் தவறு இருக்கிறது. இனியும் அப்படி எழுத மனம் ஒப்பவில்லை.

முதலில் நாள் கணக்கு. 2025 நாட்காட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி 2, வியாழக்கிழமை பள்ளி திறந்தது. பொங்கலுக்கு 14 முதல் 19 வரை விடுமுறை. பிப்ரவரியில் ஒரு தைப்பூசம், மார்ச் 31-இல் ரமலான். சனி ஞாயிறைக் கழித்துவிட்டால், தேர்வு தொடங்கிய ஏப்ரல் 7-க்கு முன்னால் கையில் இருந்தது ஜனவரியில் 18 நாள், பிப்ரவரியில் 19, மார்ச்சில் 20, ஏப்ரலில் 4. ஆக மொத்தம் 61. அதே ஆண்டு ஜூன் 2-இல் தொடங்கிய முதல் பருவத்துக்கோ, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே 70 நாளுக்கு மேல் கிடைத்தது.

அந்த 61-உம் முழுசாக வகுப்பறைக்கு வருவதில்லை. மூன்றாம் பருவத்துக்கான பயிற்சிக்கு ஆசிரியர்கள் வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் தனி. மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு வந்தால், அது பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வரும். மார்ச் 1 முதல் புதிய மாணவர் சேர்க்கை என்று அறிவித்துவிட்டால் அதற்குப் பேரணி போக வேண்டும், வீடு வீடாகவும் ஏறி இறங்க வேண்டும். விளையாட்டு விழா, ஆண்டு விழா, அதற்கு ஒத்திகை. ஒத்திகையை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை, குழந்தைகள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பதே அதற்குத்தான். இதற்கு நடுவே, பாடம் நடக்கும்போதே பிள்ளைகளை மதிப்பிடும் வளரறி மதிப்பீடு, அதைச் செயலியில் ஏற்றும் வேலை, இணையம் கிடைக்காமல் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடுவது. குறைத்தே போட்டாலும் 12 முதல் 15 நாள் இதில் போய்விடும். மிச்சம் 46 என்று வையுங்கள். கணக்குப் புத்தகத்தில் 6 அலகுகள். அலகுக்கு 8 நாள்கூடத் தேறாது.

ஆண்டை மூன்றாகப் பிரித்து, பருவத்துக்கு ஒரு புத்தகம் தரும் முப்பருவ முறை 2012-13-இல் வந்தபோது நாங்கள் அதை வரவேற்றவர்கள்தான். புத்தகப்பை இளைத்தது, படித்ததை அந்தப் பருவத்திலேயே மதிப்பிட்டு முடித்தோம், பிள்ளைகளின் தோளுக்கு நிம்மதி. ஆனால் அந்த முறைக்குள் ஒரு பொத்தல் இருக்கிறது. முதல் பருவத்தில் ஒரு பாடம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் அக்டோபரில் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். இரண்டாம் பருவத்தின் பாக்கியை ஜனவரியில் தீர்க்கலாம். அதே ஆசிரியர், அதே குழந்தை, அதே அறை. மூன்றாம் பருவத்தின் பாக்கிக்கு மட்டும் போக்கிடம் கிடையாது. தேர்வு, கோடை விடுமுறை, ஜூனில் புது வகுப்பு, பெரும்பாலும் புது ஆசிரியர், கையில் புது முதல் பருவப் புத்தகம். பழைய மூன்றாம் பருவப் புத்தகம் அதற்குள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். புது ஆசிரியர் பார்ப்பது ‘தேர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லைத்தான். எது விட்டுப்போனது என்று அவருக்குச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

விட்டுப்போவது சில்லறைப் பாடமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. நான்காம் வகுப்பில் பின்னம் வருவது மூன்றாம் பருவக் கணக்கின் கடைசி அலகாக. ஐந்தாம் வகுப்பிலும் அதே மூன்றாம் பருவம், அதே கடைசி அலகு. வடிவியல், எண்கள், அளவைகள் முதலானவை முன்னால் வரிசையில் நிற்க, பின்னத்துக்கு மிஞ்சுவது மார்ச் கடைசி வாரம். தொடக்கப் பள்ளிக் கணக்கிலேயே குழந்தையின் எண் பற்றிய புரிதலை அடியோடு மாற்றிப்போடும் பாடம் அது. அதுவரை பெரிய எண் என்றால் பெரிய அளவு. பின்னத்தில் அந்த நம்பிக்கை உடைகிறது. அதை உடைக்கத்தான் நாள் வேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். வகுப்பில் நடப்பதைச் சொல்கிறோம், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு குழந்தைக்கு ஏ4 தாள் ஒன்று போதும். தாளின் நீளம் 29.7 செ.மீ., அகலம் 21 செ.மீ. நீளத்தில் 24 செ.மீ. மட்டும் வைத்துக்கொண்டு, அகலத்தை 3 செ.மீ. வீதம் வெட்டினால் 7 பட்டைகள் கிடைக்கும். ஏன் 24? அது 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். ஒரு பட்டை முழுதாக இருக்கட்டும். மற்ற ஐந்தும் 2, 3, 4, 6, 8 சமபாகங்களாகும். ஏழாவது பட்டை கிழிந்துபோகிறதற்கு. கட்டாயம் ஒன்று கிழியும். அரையும் காலும் அரைக்காலும் மடித்தாலே வந்துவிடும். மூன்று பாகம் மடிப்புக்கு அடங்காது. குழந்தை கண்ணளவில் இரண்டு மடிப்புப் போடும், கடைசித் துண்டு குட்டையாக நிற்கும். அப்போது அளவுகோலை எடுத்து 8 செ.மீ., 16 செ.மீ. இடங்களில் புள்ளி வைக்கச் சொல்லித்தர வேண்டும். ஆனால் அந்தக் குட்டைத் துண்டு நிற்கிற நேரம்தான் பாடம் நடக்கிற நேரம். துண்டு மூன்று ஆகிவிட்டது, ஆனால் எதுவும் மூன்றில் ஒன்று ஆகவில்லை. ஏன்? சமமாக இல்லை. இதைக் குழந்தை தானே கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். 30 பேர் இருக்கும் வகுப்பில் வெட்டவும் மடிக்கவும் இந்தப் பேச்சுக்குமாக 2 நாள்.

அடுத்தது எழுதுவது. தமிழில் 1/4-ஐ ‘நான்கில் ஒன்று’ என்று படிக்கிறோம். பொருள் விளங்குவதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. முழுமையை எத்தனையாகப் பிரித்தோம் என்பதை முதலில் சொல்லி, எத்தனை எடுத்தோம் என்பதைப் பிறகு சொல்கிறது. ஆனால் எழுதும்போது அந்த ஒன்று மேலே போகிறது. காதில் முதலில் விழுந்த 4-ஐக் குழந்தை மேலே எழுதிவிடும். 4/1. இது கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகிற பிழை இல்லை. கீழே இருக்கும் பகுதியை முதலில் எழுதி, கோடு போட்டு, பிறகு தொகுதியை மேலே எழுதப் பழக்கினால் சொல்லும் கையும் ஒன்றாக ஓடும். இதற்கு இன்னும் 2 நாள்.

பிறகு ஒப்பிடுவது. 1/4, 1/8, எது பெரிது? எட்டு பெரிதாயிற்றே என்று 1/8-ஐச் சொல்லும் குழந்தைகள்தான் முதல் நாள் அதிகம். பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் கண் திருத்திவிடும். அவசரத்தில் நாங்கள் செய்வது என்ன தெரியுமா? ‘கீழே இருக்கிற எண் பெரிதானால் பின்னம் சிறிது’ என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். அன்றைய பயிற்சியில் எல்லாம் சரியாக வரும். அடுத்த வாரம் 3/8-ஐயும் 1/4-ஐயும் கொடுங்கள். அதே வாக்கியத்தைப் போட்டு 1/4 பெரிது என்று எழுதுவார்கள். பட்டையில் 3/8 என்பது 9 செ.மீ., 1/4 என்பது 6 செ.மீ. பட்டையைத் தொட்ட பிள்ளை ஏமாறாது. இதற்கும், 1/2, 2/4 போல மதிப்பு ஒன்றாக இருக்கும் சமான பின்னத்துக்கும் சேர்த்து 6 நாள் வேண்டும்.

பொருள்களின் கூட்டத்தில் பின்னம் எடுப்பது தனிப்பாடு. 12 புளியங்கொட்டையில் மூன்றில் ஒரு பங்கு எடு என்றால் 3 கொட்டை எடுக்கும் குழந்தையும் உண்டு, 1 எடுக்கும் குழந்தையும் உண்டு. 4 என்பது வர, முதலில் மூன்று வட்டம் வரைந்து ஒவ்வொன்றாகப் பங்கு போட வேண்டும். 2 நாள். கடைசியாக, பகுதி ஒன்றாக இருக்கும் ஓரினப் பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும். 1/4 + 2/4 என்றால் 3/8 என்று எழுதும் பிழை ஊரறிந்தது. மேலும் கூட்டி, கீழும் கூட்டிவிடுவார்கள். அதற்கும் பட்டையே சாட்சி. 2/4 என்பது 12 செ.மீ. நீளம். அதோடு இன்னொரு காலைச் சேர்த்த பிறகு 9 செ.மீ. ஆகிவிட்டதா, கூட்டினால் குறையுமா என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு வர 2 நாள். கால் கிலோ என்பது 250 கிராம், முக்கால் லிட்டர் என்பது 750 மில்லி என்று வீட்டில் கேட்ட சொல்லோடு முடிச்சுப் போட 1 நாள்.

கூட்டினால் 15. எங்களுக்குக் கிடைப்பது நான்கோ ஐந்தோ. அந்த நாலைந்து நாளில் நடப்பது இதுதான்: கரும்பலகையில் வட்டம், நான்கு பாகம், மூன்றுக்கு வண்ணம், 3/4 என்று எழுது. குழந்தை வண்ணம் அடித்ததை எண்ணி மேலே போடும், எல்லாவற்றையும் எண்ணிக் கீழே போடும். எண்ணத் தெரிந்தால் போதும், பின்னம் தெரிய வேண்டியதில்லை. பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டிலும் வண்ணம் அடித்த படமே கேள்வியாக வரும், மதிப்பெண்ணும் வரும். சமமில்லாத பாகங்கள் கொண்ட ஒரு படத்தைக் கொடுத்து ‘இது நான்கில் மூன்றா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

பிறகு ஆறாம் வகுப்பு. அங்கேயும் பின்னம் மூன்றாம் பருவத்தில்தான், ஆனால் முதல் பாடமாக. பகுதி வேறுவேறாக இருக்கும் வேற்றினப் பின்னங்களைக் கூட்டச் சொல்வார்கள். ‘தொடக்கப் பள்ளியில் என்னதான் நடத்தினார்கள்?’ என்று நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கேட்பது எங்கள் காதுக்கு வராமல் இல்லை. இரண்டு ஆண்டும் மார்ச் கடைசியில் நான்கு நான்கு நாள் நடத்தினோம் என்பதுதான் பதில்.

எழுத்துக்கும் இதே கதி. உயிரெழுத்து வரிசையிலேயே உயிர்மெய்யையும் சொல்லித்தந்தால், கொம்பு வாங்கும் எழுத்துகள் ஆண்டின் பின்பாதிக்குத் தள்ளப்படும். தமிழில் குழந்தைக்குக் கடினமானவை அவைதான். ‘கெ’ என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது க், பிறகு எ. எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில், க பிறகு. ‘கொ’ இன்னும் மோசம், க-வுக்கு இரண்டு பக்கமும் குறி. குழந்தை க எழுதிவிட்டுக் கொம்பை எங்கே வைப்பது என்று விழிக்கும். சில பிள்ளைகள் துணைக்காலை மட்டும் போட்டுக் ‘கா’ ஆக்கிவிடும். ‘கௌ’ வந்தால் அதன் கடைசிக் குறி ள மாதிரியே இருப்பதால் ‘கெ’, ‘ள’ என்று இரண்டாக உடைத்துப் படிக்கும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, அச்சில் எங்களுக்கே சந்தேகம் வரும்.

உகர வரிசை வேறு விதமான சிக்கல். 18 எழுத்துக்கும் ஒரே குறி கிடையாது. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கீழே ஒரு கோடு இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே இறங்கி வளைந்து மேலேறுபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் சுழித்துத் திரும்புபவை. இப்படி மூன்று குடும்பமாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று மணலில் எழுத வைத்தால் நிற்கும். வரிசையாகக் கு முதல் னு வரை ஒரே மூச்சில் எழுதிப்போட்டால் ‘து’வும் ‘ரு’வும் ஒன்றாகிப் போகும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், 2025-க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் எல்லாரும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்கோடுதான் வந்தது. குழந்தையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவது நல்ல ஏற்பாடு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் மொட்டிலிருந்து மலருக்கு ஏற வேண்டிய நேரம் மூன்றாம் பருவத்தில் விழுகிறது. வெட்டுப்படுவதும் அந்தப் பருவம்தான்.

அளவைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர், 200 மில்லி டம்ளர், ஐந்து முறை ஊற்றினால் காலி. புத்தகத்தில் இது இரண்டு வரி. வகுப்பில் செய்தால் ஐந்து டம்ளர் ஊற்றிய பிறகும் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், ஏனென்றால் கழுத்து வரை நிரப்பினால் அந்தப் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். டம்ளரையும் ஒரு பிள்ளை விளிம்பு வரை நிரப்பும், இன்னொரு பிள்ளை சிந்திவிடும் என்று பயந்து குறைத்து ஊற்றும். இரண்டிலும் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும். அளவு என்பது கோடு வரைக்கும்தான் என்று அப்போதுதான் புரியும். மார்ச் மாதத்தில் குடிநீரே எண்ணி வரும் பள்ளிகளில் இந்தச் செயல்பாட்டைப் படம் பார்த்து முடித்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் வைத்திருக்கலாம் இந்தப் பாடத்தை.

தேர்தல் வேலைக்கு வருகிறோம். 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19 என்று தேர்தல்கள் மூன்றாம் பருவத்தின் மடியிலேயே விழுகின்றன. ஆசிரியருக்குப் பயிற்சி வகுப்புகள், பிறகு வாக்குச்சாவடி, பள்ளியே வாக்குச்சாவடி. அடுத்து 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மூன்றாம் பருவத்தில் விடுமுறை குறைந்த மாதங்களில் ஒன்று அது. கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகிய வேலைகளுக்கு விலக்கு இருக்கிறது என்பது தெரியும். வர மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதே சட்டத்தின் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்றும் இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இருக்கும் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் ஐந்து வகுப்பும் சத்துணவுக்கு வந்துவிட்டு வீட்டுக்குப் போகும். அந்த நாளும் பதிவேட்டில் வேலை நாள்தான்.

‘தேர்வு முடிந்த பிறகு ஏப்ரல் கடைசி வரை பள்ளி இருக்கிறதே, அப்போது நடத்துங்களேன்’ என்று ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டதாகக் கேள்வி. தேர்வு முடிந்த மறுநாள் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தொடக்கப் பள்ளியில் ஒரு ஏப்ரல் இருந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். பாட்டி வீட்டுக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள்.

ஆகவே கேட்கிறோம்.

தேர்வுத் தேதியை மாற்றும் உரிமை உங்களுடையது. மாற்றும் ஒவ்வொரு ஆணையிலும், வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் எந்தப் பக்கங்கள் நீக்கப்படுகின்றன என்ற பட்டியலும் இணைக்கப்பட வேண்டும். ஒரு வாரம் முன்னால் இழுத்தால் ஒரு வாரப் பாடம் குறைய வேண்டும். பட்டியல் இல்லாத ஆணையை அனுப்பாதீர்கள்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளிவந்திருக்கிறது. அதையொட்டிப் பாடநூல்கள் திருத்தப்படும்போது, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பின்னத்தை இரண்டாம் பருவத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், 15 பாடவேளை என்று ஆசிரியர் கையேட்டிலேயே அச்சிடுங்கள். முதல் வகுப்பில் கொம்பு வரும் எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளாமல், குழந்தை அன்றாடம் கேட்கும் சொற்களோடு சேர்த்து ஜூலையிலிருந்தே தூவிவையுங்கள். மூன்று பருவத்துக்கும் பக்கங்களைச் சமமாகப் பங்கு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; ஆண்டுப் பாடம் 100 பக்கம் என்றால் முதல் பருவத்துக்கு 40, இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 25. அந்த 25-இலும் ஏற்கெனவே படித்ததைப் பயன்படுத்தும் பாடங்களே இருக்கட்டும்: அமைப்புகள், தகவல் செயலாக்கம், கடைக் கணக்கு, கதை வாசிப்பு.

பாக்கிக்கு ஒரு தாள் வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு பக்கம். மூன்றாம் பருவத்தின் எந்தெந்தத் திறன் முடிந்தது, எது அரைகுறை, எது தொடவே இல்லை என்று மூன்று கட்டம். ஏப்ரலில் வகுப்பாசிரியர் நிரப்பி, ஜூனில் அடுத்த வகுப்பாசிரியரிடம் கையில் கொடுக்க வேண்டும். இதைத் தயவுசெய்து செயலியில் ஏற்றச் சொல்லாதீர்கள், காகிதமாகவே இருக்கட்டும். ‘தொடவில்லை’ என்று உண்மையை எழுதிய ஆசிரியருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வராது என்றும் எழுத்தில் உறுதி தாருங்கள். இல்லாவிட்டால் எல்லாத் தாளிலும் ‘முடிந்தது’ என்றுதான் இருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் 10 வேலை நாட்களை, சென்ற ஆண்டின் மூன்றாம் பருவத்துக்கு ஒதுக்குங்கள். அதற்காக ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புக்கு 10 பழைய மூன்றாம் பருவப் புத்தகங்களை ஏப்ரலில் திரும்பப் பெற்று அலமாரியில் வைக்க அனுமதி தேவை. புதிதாக அச்சிடச் சொல்லவில்லை.

2027 பிப்ரவரிக் கணக்கெடுப்பில், ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் அழைக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகங்களுக்கு இப்போதே எழுதுங்கள். கணக்கெடுப்புக்குப் போகும் ஆசிரியர் முற்பகலில் வகுப்பும் பிற்பகலில் களமுமாகப் பார்க்கட்டும். ஜனவரி மூன்றாம் வாரம் முதல் தேர்வு வரை வேறு எந்தப் பயிற்சியும், அடைவுத் தேர்வும், பேரணியும் வேண்டாம். சேர்க்கைப் பேரணியை ஏப்ரலில் தேர்வு முடிந்த மறுநாள் வைத்துக்கொள்கிறோம்.

மார்ச் 15 முதல் தொடக்கப் பள்ளிகளில் கணக்கும் தமிழும் முற்பகல் 11.30-க்குள் முடியும்படி பாடவேளை அட்டவணையை மாற்றிக்கொள்ளத் தலைமையாசிரியருக்கே அதிகாரம் கொடுங்கள். காலை உணவும் மதிய உணவும் வழக்கம்போல் நடக்கட்டும்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி வெளிவருவதற்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். பதில் வரும்வரை, நடத்தாத பாடத்துக்கு நேரே ‘நடத்தவில்லை’ என்றே பதிவேட்டில் எழுதுவோம்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்